தாவீது கடைக் குண்டும் இனங்காணல் குழுவும்

முசரவாக்கத்தில் காயலான் கடை வைத்திருக்கும் தாவீதுக்கு இரும்பைக் கண்டால் தட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கையடக்கச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 'ணங்' என்று இழுத்தால் எஃகு, 'டொக்' என்று அடங்கினால் வார்ப்பிரும்பு. இருபத்தாறு வருஷமாக அந்தக் காதை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

அந்த வியாழக்கிழமை, இடித்த அரிசி ஆலையிலிருந்து வந்த லோடின் அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு சாமான் கிடந்தது. பழக்கதோஷம், தட்டிவிட்டார். சத்தம் இழுக்கவும் இல்லை, அடங்கவும் இல்லை. நிறைகுடத்தைத் தட்டினாற்போல் கனமாக ஏதோ சொன்னது. இன்னொரு தடவை தட்டினார். அப்புறம்தான் துருவைத் துடைத்துப் பார்த்தார். இடுப்பில் செம்பு வளையம், தலையில் திருகுமூடி, பக்கவாட்டில் தேய்ந்துபோன எழுத்து, மூடி விளிம்பில் பழுப்பாக ஏதோ கசிந்திருந்தது. தாவீதின் கையிலிருந்து சுத்தியல் தானாக நழுவி மணலில் விழுந்தது. நல்லவேளையாக மணலில்.

கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அங்கன்வாடி. இருபத்திரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று அபி, தாவீதின் மகள் வயிற்றுப் பேத்தி, மூன்றரை வயது. ஒரகடம் கம்பெனிக்கு ஷிப்டு போகும் மகள் காலையில் விட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் தாத்தா தூக்கிக்கொண்டு வருவார். சுவருக்கும் குண்டுக்கும் இடையில் ஆறடி இருந்தது.

இப்படி ஒன்று அகப்பட்டால் தொழிலில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று தாவீதுக்குத் தெரியும். கோணியில் சுற்றி ஏரியில் போட்டுவிட்டு வந்து குளிப்பார்கள். ஆனால் அடுத்த கோடையில் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் அதே ஏரியில்தான் மண்வெட்டி போடுவார்கள். யோசித்துப் பார்த்த தாவீது, புத்தியுள்ள எவனும் செய்யாத காரியத்தைச் செய்தார். அரசாங்கத்திடம் சொன்னார்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். புளியமரத்துக்குப் பின்னால் நின்றபடியே விசாரணையைத் தொடங்கினார்.

"இன்னாபா அது?"

"குண்டு சார்."

"நீ மிலிட்டரியா?"

"இல்ல சார். காயலான் கடை."

"அப்ப நீ சொல்லக் கூடாது. குண்டுன்னு சொன்னா, கடையில குண்டு வச்சிருந்தன்னு ஒரு கேஸு. குண்டு இல்லன்னு சொன்னா, பொய்த் தகவல் குடுத்தன்னு இன்னொரு கேஸு. ரெண்டும் வேணாம். இப்போதைக்குப் 'பொருள்'னு சொல்லு."

"வெடிகுண்டு எடுக்கறவங்க வரமாட்டாங்களா சார்?"

"யாராச்சும் போன்ல மிரட்டல் விட்டாத்தான் அவங்க வருவாங்க. இது மிரட்டாம வந்திருக்குது. குழுவுக்குத்தான் போவும்."

குழு என்றால் மாவட்ட ஐயப்பொருள் இனங்காணல் குழு. காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு குழு பதினோரு வருஷமாக இயங்கிக்கொண்டிருப்பது, அதன் மாடிப்படிக்குக் கீழே பூ விற்பவருக்குக்கூடத் தெரியாது. விநோதமான ஆயுதம், பீரங்கிச் சாமான், தோட்டா வகையறா எது கிடைத்தாலும் இன்னது என்று கண்டு சொல்வது அதன் கடமை. அதற்கென்று நூற்றுப்பன்னிரண்டு படங்களுள்ள ஒரு கையேடு உண்டு. நாற்பதாம் படத்துக்கு மேல் கரையான் படித்துவிட்டது. மிச்சமிருக்கும் படங்களில் இல்லாதது ஆயுதமே அல்ல என்பது அங்கே எழுதப்படாத விதி.

குழுவின் அலுவலகத்துக்குப் போய் நின்ற தாவீதிடம், பிரிவு எழுத்தர் ஏலவார்குழலி பதினான்கு பக்கப் படிவத்தைத் தள்ளினார். முதல் கேள்வி: 'பொருளின் பெயர் (கட்டாயம்).' ஒன்பதாவது கேள்வி: 'இப்பொருள் இதற்கு முன் வெடித்துள்ளதா? ஆம் எனில் எத்தனை முறை?'

"பேரு தெரியாமத்தான மேடம் வந்திருக்கறேன்" என்றார் தாவீது.

"பேரு இல்லாம ஃபைல் எப்டிப்பா ஓபன் பண்றது? சிஸ்டம் எடுக்காது."

"எஸ்.ஐ. 'பொருள்'னு சொல்லச் சொன்னாரு."

"சரி, பொருள். இனிஷியல்?"

வரிசையில் தாவீதுக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். "ஒனக்கு இன்னா இனிஷியலோ அதப் போடு, ஒன் கடையிலதான கெடைச்சுது" என்று அந்த அம்மாளே வழி சொன்னார். தாவீதின் தகப்பனார் பெயர் மோசே. குண்டு அன்றிலிருந்து அரசாங்கப் பதிவேட்டில் மோ. பொருள் ஆனது.

நான்கு பாஸ்போர்ட் அளவு புகைப்படமும் கேட்டார்கள். வெள்ளைப் பின்னணி. கடைக்குப் பின்னால் இரண்டு கழிகளில் வேட்டியைக் கட்டி, தாவீது தன் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். திருப்பி அனுப்பினார்கள். முகம் நேராக இல்லையாம். அடிப்பக்கமும் தெரிய வேண்டுமாம். பைபிள் சங்கீதம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே இரண்டு கையாலும் அதைப் புரட்டினார். உள்ளே எதுவோ நகர்ந்தாற்போல் இருந்தது.

அங்கன்வாடி டீச்சர் ஜெயப்ரியா விவரமான பெண். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறது என்று தாவீது சொன்ன அன்றே மேலிடத்துக்கு எழுதினாள், பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று. 'ஆயுதம் எனக் குழு சான்றளித்தால் மாற்றலாம்' என்று பதில் வந்தது. அவள் காத்திருக்கவில்லை. தெருக்கோடி சர்ச் கொட்டகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கேயே பாய் விரித்தாள், அங்கேயே முட்டை அவித்தாள். பத்தாம் நாள் மெமோ வந்தது. 'அனுமதி பெறாத கட்டடத்தில் முட்டை அவிக்கப்பட்டது ஏன்? மூன்று நாட்களுக்குள் குழந்தைகள் உரிய கட்டடத்தில் இருத்தப்பட வேண்டும். தவறினால் பணிநீக்கம்.'

"இன்னாண்ணா பண்றது?" என்று மெமோவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "நா இல்லன்னா வேற ஆளப் போடுவாங்க. அவங்க இந்தச் சொவத்தோரமாவே பாய் போட்டு ஒக்கார வைப்பாங்க."

"நீ இரும்மா. குழு வந்துடும்" என்றார் தாவீது. குழுவை நம்பித்தான் சொன்னார். சர்க்காரிடம் படித்தவர்கள் இருப்பார்கள், வந்து பார்த்த நிமிஷமே ஊரைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் என்று ராத்திரியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கைக்கு அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. அதுவரை அவர் குழு எதையும் பார்த்ததில்லை.

மெமோவின் கெடு முடிந்த அன்று ஜெயப்ரியா பிள்ளைகளைப் பழையபடி அங்கன்வாடிக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாம் நாள் குழு வந்தது. தலைவர் லோகேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கூடியிருந்த ஏழெட்டுப் பேரைப் பார்த்துப் பேசினார்.

"பொதுமக்கள் பீதி அடைய வேண்டியதில்ல. இந்தக் குழு ஆரம்பிச்சு பதினோரு வருஷத்துல நம்ம வரம்புக்குள்ள ஒரு பொருள் கூட வெடிச்சது கெடையாது. ஏன்னா, வெடிச்சதுக்கு அப்புறம் அது பொருள் கெடையாது, சம்பவம். சம்பவம் நம்ம வரம்புல வராது."

யாரோ கை தட்டினார்கள். தலைவர் உறுப்பினர்களை அறிமுகப்படுத்தினார். அரசாணைப்படி குழுவில் படைக்கல வரலாறு தெரிந்தவர் ஒருவரும், வெடிபொருள் உலோகம் தெரிந்தவர் ஒருவரும் இருக்க வேண்டும். இரண்டு இடமும் காலி. வரலாற்றுக்குக் கூடுதல் பொறுப்பாக, கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் துரைக்கண்ணு வந்திருந்தார். உலோகத்துக்கு, பட்டுச்சேலை ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லும் இளவரசன். இருவரும் தத்தம் வேலையில் கெட்டிக்காரர்கள். அதுதான் ஆபத்தாகப் போயிற்று.

துரைக்கண்ணு எழுத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். திருமுக்கூடலில் ஒரு பெரிய சாசனத்தை நாள் கணக்காக வெயிலில் நின்று படியெடுத்தவர். பொருளைத் தண்ணீரால் கழுவினார். ஈரத்தாளை அதன்மேல் போர்த்தினார். பைக்குள்ளிருந்து முரட்டுத் தூரிகையை எடுத்து, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதிவதற்காக, ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். பட், பட், பட்.

"ஐயா! வேணாய்யா! அடிக்காதீங்க!" தாவீது கத்திக்கொண்டே ஓடினார். ஒரு காவலர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காம எழுத்து எப்டிப்பா எழும்பும்?" என்று துரைக்கண்ணு சாந்தமாகக் கேட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஜெயப்ரியாவின் குரல் கேட்டது. "எல்லாரும் ரயிலு! எழுந்திரு, எழுந்திரு, சட்டையப் புடி! அபிதான் இன்ஜினு!" இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு கூவிக்கொண்டே தெருக்கோடிப் பக்கம் ஓடினார்கள். காவலரின் பிடியில் நின்றபடியே, ரயில் கண்ணுக்கு மறையும்வரை தாவீது அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுச் சொச்சம் அடிகளுக்குப் பிறகு துரைக்கண்ணு தாளை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். "தமிழு இல்ல, கிரந்தம் இல்ல, வட்டெழுத்தும் இல்ல. அரசன் பேரு இல்ல. ஆகையினால இது சாசனம் இல்ல. ஆனா வாயண்ட எண்ணெய் கசியுது பாருங்க. ரொம்ப வருஷம் இதுக்கு எண்ணெய்க்காப்பு நடந்திருக்குது. பூசையில இருந்த வஸ்து."

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி வேண்டும் என்பார்கள். கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது இளவரசன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வெளியே எடுத்தார். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் ஆயுதம் என்று பயந்து பின்வாங்கியது அதைப் பார்த்துத்தான். செம்பு வளையத்தில் கருவியை வைத்து அழுத்தினார். கீச்சென்றது.

"தங்கம் இல்ல சார். வெள்ளி இல்ல. முழுக்கச் செம்பு. அசல்னு சர்டிபிகேட் தர முடியாது."

"அசல் இல்லன்னா?"

"டூப்ளிகேட்டுதான் சார். எங்க விதி அப்டி."

தலைவர், கூடவே வந்திருந்த எழுத்தர் ஏலவார்குழலியைப் பார்த்தார். "எழுதும்மா. மோ. பொருள், உலோகப் பரிசோதனையில் அசல் அல்ல என நிரூபணம்."

"ஐயா, அவரு சேல ஜரிகைக்குப் பார்க்கறதச் சொல்றாரு" என்றார் தாவீது. "இதுக்குள்ள மருந்து இருக்குது ஐயா. தட்டுனா தெரியும். நா தட்டிப் பார்த்திருக்கறேன்."

"ரிசல்ட் ரிசல்ட்தான்பா. எதுக்காகப் பார்த்த ரிசல்ட்டுன்னு குழு தோண்டக் கூடாது. தோண்டுனா எந்தக் குழுவும் நடக்காது" என்ற தலைவர், திடீரென்று ஆர்வமானார். "தட்டிப் பார்த்தியா? சத்தம் எப்டி?"

"கனமா ஐயா. நெறகுடம் மாதிரி."

தலைவர் சுவருக்கு அந்தப் பக்கத்துப் புங்கமரத்தைப் பார்த்தார், சுவருக்கு மேல் தெரிந்த அங்கன்வாடிக் கூரையைப் பார்த்தார். அந்த அங்கன்வாடி மணி வேண்டும் என்று எழுதிக் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் தலைவருக்குத் தெரியும். 'ஐயப்பொருள் மக்கள் பயன்பாட்டுக்கு' என்று ஒரு திட்டம் அங்கேயே, அந்த நாற்காலியிலேயே பிறந்தது. அபாயமற்றது எனக் குழு கண்டறிந்த மோ. பொருள், வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அங்கன்வாடி மணியாகத் தொங்கவிடப்படும். முதல் அடியைத் தலைவரே அடிப்பார்.

இடையில் நான்கு நாள் இருந்தது. தாவீது மூன்று மனு எழுதினார். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதுக்கு அச்சடித்த பதிலே தயாராக இருந்தது: 'குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்வோர், பொருள் வெடித்ததற்கான சான்றை இணைத்து முப்பது நாட்களுக்குள் விண்ணப்பிக்கவும்.' அதை அவர் இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை ஜெயப்ரியாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுத்து மாறவில்லை.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில வுட்டுக்கினியே தாவீது" என்று டீக்கடையில் சொன்னார்கள். "அன்னிக்கே ஏரியில போட்டிருந்தா முடிஞ்சுது." வியாழக்கிழமை ஏரியில் போடவும் அவர் தயாராகிவிட்டார். மனம் வெறுத்துப்போய் கோணியோடு போனபோது, மோ. பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு காவலர்கள் நின்றார்கள். விழாப் பொருளாகிவிட்டதால் பாதுகாப்பாம். குண்டாக இருந்தவரை அதற்குக் காவல் கிடையாது.

வெள்ளிக்கிழமை. அங்கன்வாடி முற்றத்துப் புங்கமரக் கிளையில் அது தொங்கியது. வெள்ளி வண்ணம் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் சாமந்தி மாலை. மாலைக்குக் கீழே பழுப்புக் கசிவு வண்ணத்தைத் தாண்டி வந்திருந்ததைத் தாவீது பார்த்தார். புகைப்படத்துக்காகப் பிள்ளைகளை மரத்தடியில் பாயில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூடக் குறையக் கூடாது என்று ஜெயப்ரியாவுக்கு மெமோ. அவள் அழுது சிவந்த கண்ணோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றாள். முன்வரிசையில் அபி. தாத்தாவைக் கண்டதும் கையை ஆட்டினாள்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பயம்ங்கறது என்ன? தெரியாமைதான். தெரியாமைய ஒழிக்கத்தான் இந்தக் குழு. இது என்னன்னு எங்களுக்கும் இன்னி வரைக்கும் தெரியாது. ஆனா என்ன இல்லன்னு கண்டுபுடிச்சிட்டோம். இது கல்வெட்டு இல்ல. ஜரிகையும் இல்ல. கையேட்டுல மிச்சமிருக்கற எந்தப் படத்துலயும் இல்ல. இத்தனை இல்லைக்கு அப்புறம் ஒரு பொருளால என்ன கெடுதல் வந்துடும்?"

கைதட்டல். ரோஜா நிறத்து ரிப்பன் கட்டிய சுத்தியலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள்.

தாவீது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் பாய்ந்தார். "அடிக்காதீங்க ஐயா! கொழந்தைங்க ஐயா!" இரண்டு காவலர்கள் இரண்டு தோளையும் பிடித்தார்கள். "காயலான் கடைக்காரரு. பொருள் கை விட்டுப் போவுதேன்னு பாசம்" என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சுத்தியல் தலைவரின் கைக்கு வந்தது. அவர் கேமராக்காரரைப் பார்த்தார். கேமராக்காரர், இன்னும் கொஞ்சம் உயரமாக ஓங்கச் சொன்னார்.

தாவீதின் கண், பந்தோபஸ்துக்கு வந்து நின்ற சப்-இன்ஸ்பெக்டர் மேல் விழுந்தது. முதல் நாள் அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. குண்டு என்றால் ஒரு கேஸ், குண்டு இல்லை என்றால் ஒரு கேஸ். கேஸ் ஒன்றுதான் இந்த ஊரில் நகர்கிறது.

"சார்!" என்று அலறினார். "அது திருட்டுச் சாமான் சார்! நாந்தான் திருடுனேன்!"

ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத தெளிவு வந்தது. இது அவருக்குத் தெரிந்த காரியம். "யாரும் தொடாதீங்க! அது தொண்டி, கேஸுச் சாமான்! சார், சுத்தியலக் கீழ வைங்க, கைரேகை கெட்டுடும்! கொழந்தைங்கள எல்லாம் வெளிய கூட்டிக்கினு போங்க, இது சம்பவ எடம்!" பத்தொன்பது நாளும் அதற்கு மேல் நான்கு நாளும் தாவீது தொண்டை கிழியச் சொன்ன அதே வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். ரயில் கிளம்பியது. இரண்டு நிமிஷத்தில் முற்றம் காலி.

"எங்க திருடுன?"

"ரைஸ் மில்லுல சார்."

"ஓனரு யாரு? கட்டாயம்பா, இல்லன்னா எஃப்.ஐ.ஆர். போட முடியாது."

தாவீது யோசித்தார். "ராணுவம்னு போட்டுக்கோங்க சார்."

"எந்த ராணுவம்?"

"அதத்தான் சார் நா மொதல்லேர்ந்து கேக்கறேன்."

'ஒரு ராணுவம்' என்று எழுதிக்கொண்டார்கள். பொருளின் பெயர் என்ற இடத்தில் 'இரும்புச் சாமான் ஒன்று' என்று எழுதினார்கள். யாரும் இனிஷியல் கேட்கவில்லை. கைது செய்ய ஒன்பது நிமிஷம்தான் ஆனது. தலைவர் மட்டும் வருத்தத்தோடு, இனங்காணப்படாமலே ஒரு பொருள் குழுவின் வரம்பை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்டியைக் குற்றவாளியே எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாவீது கயிற்றை அவிழ்த்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போல் அதை நெஞ்சோடு அணைத்து இறக்கினார். பதினாலரைக் கிலோ இருக்கும் என்று கை சொன்னது. ஜீப்பின் பின்னால் ஏறி மடியில் வைத்துக்கொண்டார். தூரத்தில் சர்ச் கொட்டகை வாசலிலிருந்து அபி கத்தினாள்.

"தாத்தா! மணி எப்ப அடிப்பாங்க?"

"அடிக்க மாட்டாங்கடா கண்ணு! டீச்சர் கையப் புடிச்சுக்கோ!" ஜெயப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துத் தலையசைத்தார். உள்ளே போவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்தது, பயம் இருந்தது, ஆனால் இருபத்துமூன்று நாளில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

ஜீப் கிளம்பியது. முதல் வேகத்தடையில், மடியில் அடிபடாமல் இருக்க, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். "மெதுவா சார், மெதுவா" என்றார்.

"பயப்படாதபா. டூப்ளிகேட்டுன்னு சர்டிபிகேட்டே இருக்குது" என்றார் முன்சீட்டிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர்.

"இத எங்க சார் வைப்பீங்க?"

"தொண்டி ரூம்லதான். கேஸு முடியற வரைக்கும் இருக்கும், ஒரு பத்து வருஷம். பழைய ரூமு மழையில இடிஞ்சுபோச்சு. இப்ப பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு கிளாஸ் ரூம வாங்கி வச்சிருக்கறோம். நல்ல காத்தோட்டம்."

அடுத்த வேகத்தடை வந்தது. தாவீது அதை மறுபடியும் தூக்கிப் பிடித்தார். பிடித்தபடியே, அடுத்து எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்.